ஆட்குறைப்புக்குப் பிறகு: எஞ்சியவர்களின் நம்பிக்கை

ஆட்குறைப்புச் செய்தி எப்போதும் ஓர் எண்ணோடுதான் வருகிறது. பன்னிரண்டாயிரம் பேர், பத்து சதவீதம், இரண்டு அலுவலகங்கள் என்று. செய்தியைப் படிக்கும் நாமும் அந்த எண்ணுக்குள் அடங்கியவர்களை நினைத்துத்தான் 'அடப்பாவமே' என்கிறோம். நியாயம்தான். சம்பளம் நின்று போனது அவர்களுக்கு. ஆனால் பத்து சதவீதம் பேர் போனால் தொண்ணூறு சதவீதம் பேர் மிச்சம் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் அதே கட்டடத்துக்குள், அதே அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு நுழைகிறவர்கள். அவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் வருவதில்லை. 'வேலை தப்பித்ததே, அப்புறம் என்ன குறை?' என்று உறவும் நட்பும் நினைக்கின்றன. நிர்வாகமும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறது.

நிர்வாகவியல் ஆய்வாளர்கள் முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருவது வேறு. ஆட்குறைப்பின் உண்மையான செலவு, போனவர்களுக்குக் கொடுக்கும் இழப்பீட்டில் அடங்கிவிடுவதில்லை. இருப்பவர்களின் மனத்தில் அது வட்டியோடு ஏறுகிறது. அந்தக் கடனை எப்படி அடைப்பது, இழந்த நம்பிக்கையை மறுபடி எழுப்ப முடியுமா என்பதே இக்கட்டுரையின் விஷயம். இதற்கு நல்ல உதாரணம் நோக்கியா. 2008-லிருந்து 2014-க்குள் அந்த ஒரே கம்பெனியின் தொழிலாளர்கள் வெவ்வேறு நாடுகளில், முற்றிலும் வெவ்வேறு விதங்களில் அனுப்பப்பட்டார்கள். ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் நடந்த இடம் ஸ்ரீபெரும்புதூர்.

எழுதப்படாத ஒப்பந்தம்

வேலையில் சேரும்போது நாம் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒன்று. எழுதாமல், பேசாமல் இரு தரப்பும் மனத்துக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இன்னொன்று. 'நான் ஒழுங்காக உழைத்தால் என்னைக் கைவிட மாட்டார்கள்' என்பது அதன் சாரம். இதை 'உளவியல் ஒப்பந்தம்' என்பார்கள். 1960-ல் கிறிஸ் ஆர்கிரிஸ் பயன்படுத்திய இந்தச் சொல்லை, 1989-ல் டெனிஸ் ரூஸோ விரிவாக வளர்த்தெடுத்தார். ஆட்குறைப்பு நடக்கும்போது முதல் ஒப்பந்தம் சட்டப்படி முடிகிறது, அதுவும் போனவர்களுக்கு மட்டும். இரண்டாவது ஒப்பந்தமோ எல்லோருக்கும் ஒரே நாளில் கிழிகிறது.

அதன் விளைவுகள் பலவகை. பக்கத்து இருக்கைக்காரர் போய்விட்டார், நான் இருக்கிறேன் என்ற குற்ற உணர்வு. அடுத்த பட்டியலில் நானோ என்ற அச்சம். 'இப்படியா செய்வார்கள்?' என்ற கோபம். எல்லாவற்றுக்கும் மேல், போனவரின் வேலையும் சேர்ந்து தலையில் விழுந்த களைப்பு. டேவிட் நோயர் என்ற அமெரிக்க ஆலோசகர் 1993-ல் வெளியிட்ட நூலில் இந்தத் தொகுப்பை ஒரு நோயாகவே வர்ணித்தார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோயல் பிராக்னரும் அவருடைய கூட்டாளிகளும் 1992-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போயிற்று. ஆட்குறைப்பு அநியாயமாக நடந்தது என்று நினைத்தவர்களில் அதிகம் மனம் உடைந்தவர்கள் யார்? ஏற்கெனவே அரைமனதோடு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அல்லர். நிறுவனத்தின் மேல் மிகுந்த பற்றோடு இருந்தவர்களே. உயரத்தில் இருந்தவனுக்குத்தான் விழுகிற தூரமும் அதிகம். நிர்வாகம் எவரை நம்பி அடுத்த ஆண்டைத் திட்டமிடுகிறதோ, அவர்களே முதலில் உள்ளுக்குள் விலகுகிறார்கள்.

உள்ளுக்குள் விலகியவர்கள் சீக்கிரமே வெளியேயும் விலகுகிறார்கள். சார்லி ட்ரெவர், ஆன்டனி நைபெர்க் என்ற இருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சதவீத ஆட்குறைப்பே தாமாக விலகுவோர் விகிதத்தைச் சராசரியாக 31 சதவீதம் உயர்த்துவதாகக் கணக்கிட்டார்கள். அதாவது, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் தாமாக விலகும் நிறுவனத்தில் அது பதின்மூன்றாகும். அந்த மூன்று பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே வேலை கிடைக்கக்கூடியவர்கள், அதாவது கெட்டிக்காரர்கள். ஹார்வர்டின் டெரெசா அமபிலே ஆராய்ந்த ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் 15 சதவீதம் ஆட்களைக் குறைத்தது. பின்னர் அங்கே புதிய கண்டுபிடிப்புகளின் எண்ணிக்கை 24 சதவீதம் சரிந்தது. பயந்தவன் புதிதாக எதையும் முயன்று பார்ப்பதில்லை. தவறு செய்தால் பட்டியலில் பெயர் ஏறிவிடும் என்ற நினைப்பு போதும்.

போஹும், 2008

ஜெர்மனியின் ரூர் பகுதியில் போஹும் என்ற தொழில் நகரம். அங்கே நோக்கியாவுக்குக் கைபேசித் தொழிற்சாலை இருந்தது. 2008 ஜனவரியில், அதை மூடிவிட்டு உற்பத்தியை ருமேனியாவின் க்ளுஜ் நகரத்துக்கு அருகிலுள்ள ஜுகு என்ற ஊருக்குக் கொண்டுபோவதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,300 பேருக்கு வேலை போயிற்று. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே 2007-ஆம் ஆண்டின் லாபக் கணக்கும் வெளிவந்தது. நிகர லாபம் 720 கோடி யூரோ! நஷ்டத்தில் தவிக்கும் கம்பெனி ஆளைக் குறைத்தால் ஜனங்கள் சபித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். சாதனை லாபம் காட்டிக்கொண்டே குறைத்தால் சாபம் மட்டுமே மிஞ்சும்.

போஹும் தெருக்களில் சுமார் 15,000 பேர் திரண்டார்கள். தொழிற்சங்கங்கள் நோக்கியா கைபேசியைப் புறக்கணிக்கச் சொல்லின. வாங்கிய அரசு மானியத்தைத் திருப்பிக் கொடு என்று அரசியல்வாதிகள் கேட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த ஹோர்ஸ்ட் ஸேஹோஃபர் தம் நோக்கியா கைபேசியையே கைவிடுவதாக அறிவித்தார். கடைசியில் இழப்பீட்டுக்கு மட்டும் 20 கோடி யூரோ செலவாயிற்று. தலைக்கு 80,000 யூரோவுக்கு மேல். அதன்பின் ஜெர்மனியில் இழந்த விற்பனை 2008-2010 காலத்தில் 70 கோடி யூரோ என்று மதிப்பிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணத்தில் நோக்கியா கஞ்சத்தனம் காட்டவில்லை. தலைக்கு எண்பதாயிரம் யூரோ சிறிய தொகையா? ஆனால் அது சண்டை போட்டு வாங்கிய பணம். சண்டையின் முடிவில் கை மாறும் பணம் எவ்வளவு பெரிதானாலும் அதில் மரியாதை ஒட்டியிருப்பதில்லை. கதையின் வால் இன்னும் கசப்பானது. போஹுமின் வேலையை வாங்கிக்கொண்ட ஜுகு தொழிற்சாலையும் நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2011-ல், மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

பாலம், 2011

2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சொந்த மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாற முடிவு செய்தது. விளைவு, 13 நாடுகளில் சுமார் 18,000 பேர் வேலை இழக்க வேண்டிய நிலை. போஹும் இன்னொரு முறை நடக்கக்கூடாது என்று தலைமை தீர்மானித்தது. அப்படிப் பிறந்த திட்டத்துக்கு 'பாலம்' என்று பொருள்படும்படி 'பிரிட்ஜ்' எனப் பெயர் வைத்தார்கள்.

பாலத்தில் பல வழிகள் இருந்தன. நோக்கியாவுக்குள்ளேயே வேறு வேலை தேடலாம். வெளியே வேலை தேட, விண்ணப்பம் எழுதுவதிலிருந்து நேர்முகப் பயிற்சி வரை உதவி பெறலாம். சொந்தத் தொழில் தொடங்கலாம்; ஒருவருக்கு 25,000 யூரோ வரை உதவித்தொகை உண்டு. புதிதாக ஒரு தொழிலைப் படித்துக்கொள்ளலாம். இவை எதுவும் வேண்டாம் என்பவர் தன் வழியைத் தானே வகுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், வேலை போகப்போகிற செய்தியைப் பல இடங்களில் ஓராண்டு போல முன்னதாகவே சொன்னார்கள். 'முன்கூட்டியே சொன்னால் வேலை செய்யமாட்டார்கள், எதையாவது உடைப்பார்கள், ரகசியத்தை விற்பார்கள்' என்ற வழக்கமான பயத்துக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

என்ன ஆயிற்று? சாண்ட்ரா சூக்கர், ஷலீன் குப்தா இருவரும் 2018-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் இந்தக் கணக்கைத் தொகுத்தார்கள். 18,000 பேரில் 60 சதவீதம் பேருக்கு, வேலையின் கடைசி நாளன்றே அடுத்து என்ன என்பது தெரிந்திருந்தது. சுமார் ஆயிரம் புதிய தொழில்கள் பிறந்தன. நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய ஜோல்லா கைபேசி நிறுவனமும் பாலத்தின் உதவியோடு வந்ததுதான். மூடப்படப்போகிற இடங்களில் வேலையின் தரம் குலையவில்லை. ஊழியர்களின் ஈடுபாட்டை அளக்கும் கருத்துக்கணிப்புகளிலும் சரிவு இல்லை. இத்தனைக்கும் ஆன செலவு சுமார் 5 கோடி யூரோ. போஹுமில் 2,300 பேருக்கு ஆன செலவில் கால் பங்கு, அதுவும் ஏறத்தாழ எட்டு மடங்கு ஆட்களுக்கு! (சட்டப்படியான இழப்பீடு தனிக்கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும், இது பாலத் திட்டத்துக்கு மட்டும் ஆன செலவு.)

பாலத்தைப் பாராட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பின்லாந்தில் பலமான தொழிற்சங்கங்களும் அரசின் வேலையின்மைக் காப்பும் ஏற்கெனவே இருந்தன. ஒரு கம்பெனி நல்ல மனத்தோடு நடக்க, சுற்றியுள்ள சமூகமும் கொஞ்சம் நெருக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், 2014

2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. மூன்று மாதத்தில், ஜூலை 17 அன்று, மைக்ரோசாஃப்ட் 18,000 வரை ஆட்குறைப்பு அறிவித்தது. அதில் 12,500 நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய தலைவர் ஸ்டீஃபன் ஈலாப் எழுதிய மின்னஞ்சல் இன்றுவரை 'எப்படி எழுதக்கூடாது' என்பதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. நலம் விசாரிப்பது போலத் தொடங்கி, பொருட்களின் எதிர்காலம், விலைப்பிரிவுகள், உத்திகள் என்று பத்துப் பத்திகள் வரை நடந்து, அதன்பிறகுதான் 12,500 என்ற எண் வருகிறது. கெட்ட செய்தியை நீட்டி முழக்கிச் சொல்கிறவர், கேட்பவரைப் பற்றிக் கவலைப்படவில்லை, தன் சங்கடத்தைப் பற்றியே கவலைப்படுகிறார் என்று வாசிப்பவனுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

இதே காலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது வேறு வகை. 2006-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்தது. பெரும்பாலும் சிறு ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள், அவர்களிலும் பெண்கள் அதிகம். குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் பலர். நோக்கியாவுக்கும் இந்திய வருமான வரித்துறைக்கும் 2013-ல் எழுந்த வரித்தகராறில் தொழிற்சாலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. அதனால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற்ற முடியவில்லை. உலகத்தின் மற்ற நோக்கியா தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை புது முதலாளியிடம் போக, இது நின்றுவிட்டது. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது; பெரும்பாலோர் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியவர்கள், ஆர்டர் குறைந்துகொண்டே வந்த தொழிற்சாலைக்குத் தினமும் பேருந்தில் வந்துபோனார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

எஞ்சியவர்கள் நிலைமைக்கு இதைவிடக் கூர்மையான படம் இல்லை. கம்பெனி வரித்துறையைக் காட்டியது. வரித்துறை சட்டத்தைக் காட்டியது. அரசு நீதிமன்றத்தைக் காட்டியது. தொழிலாளிக்குப் பதில் சொல்லக்கூடிய முகம் ஒன்றுகூட இல்லை. போஹும் தொழிலாளிக்குக் கோபப்பட ஓர் எதிரியாவது இருந்தான். இங்கே அதுவும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை 2019-ல் சால்காம்ப் என்ற பின்லாந்து நிறுவனம் வாங்கியது. மறுபடி அங்கே உற்பத்தி நடக்கிறது. ஆனால் 2014-ல் இருபத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு பெற்ற ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

தெளிவே நம்பிக்கை

திருக்குறளின் 51-ஆவது அதிகாரத்துக்குத் 'தெரிந்துதெளிதல்' என்று பெயர். அரசன் ஆட்களை ஆராய்ந்து தேர்வதைப் பற்றிப் பேசுவது. அங்கே 'தெளிதல்' என்ற சொல்லுக்குப் பொருள் நம்புதல். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்ற கருத்தோடு அந்த அதிகாரம் முடிகிறது. கலங்கிய நீர் அடங்குவதையும் தெளிதல் என்கிறோம், ஒருவனை நம்புவதையும் பழந்தமிழ் தெளிதல் என்றது. சொல்லிலேயே வழியும் இருக்கிறது. கலங்கலாக இருக்கும் வரை நம்பு என்று யாரையும் கேட்க முடியாது.

ஆட்குறைப்பு நடந்த அலுவலகத்தில் இந்த அதிகாரம் தலைகீழாகிறது. அரசன் ஊழியனை ஆராய்வது போய், ஊழியன் அரசனை ஆராய்கிறான். எதை வைத்து? போனவர்களை நடத்திய விதத்தை வைத்து. 'நாளை என்னையும் இப்படித்தான் செய்வார்கள்' என்பதற்கு அவனிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பாலம் திட்டத்தில் செலவழித்த பணம் போனவர்களுக்காகச் செலவானது என்றாலும், இருந்தவர்களின் மனத்திலும் அது வரவாயிற்று.

மறுபக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் பெட்டர் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் சுமார் 900 பேரை ஒரே ஸூம் அழைப்பில், சில நிமிடங்களில் நீக்கியது. அழைப்பில் இல்லாதவர்கள்தான் அந்தக் காணொளியை அதிகம் பார்த்திருப்பார்கள். தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார், விடுப்பில் போனார். மூத்த அதிகாரிகள் சிலர் தாமாகவே ராஜினாமா செய்தார்கள்.

எதைச் செய்யலாம்?

இனி நடைமுறைக்கு வருவோம். ஆட்குறைப்பு நடந்து முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் முதலாளிகள் இல்லை. ஆனால் டீம் லீடாகவும் மேலாளராகவும் பலர் இருக்கிறோம். அவர்கள் கையில் இருப்பவை இவை:

1. காரணத்தை ஒரே மாதிரி சொல்லுங்கள். 'வணிகச் சூழல் காரணமாக' என்று பொதுவாகச் சொல்வது எதையும் சொல்லாததற்குச் சமம். எந்த வருமானம் குறைந்தது, எந்தப் பொருளைக் கைவிட்டோம், ஆட்களை எந்த அளவுகோலில் தேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். ஏர்பிஎன்பி 2020 மே மாதம், கொரோனாவில் பயணத்தொழில் படுத்தபோது, 7,500 பேரில் சுமார் 1,900 பேரை நீக்கியது. தலைவர் பிரையன் செஸ்கி எழுதிய கடிதத்தில், வருமானம் எவ்வளவு குறையும், எந்தப் பிரிவுகளை நிறுத்துகிறோம், எந்தக் கொள்கையில் முடிவெடுத்தோம், போகிறவருக்கு எத்தனை வாரச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எத்தனை மாதம் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. மடிக்கணினியை அவர்களே வைத்துக்கொள்ளலாம். ஆளெடுக்கும் பிரிவில் ஒரு பகுதி, போனவர்களுக்கு வேலை தேடித் தரும் பிரிவாக மாறியது. படித்தவர்களுக்குக் கோபம் வராமலில்லை. ஆனால் குழப்பம் இல்லை.

2. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். 'இனி ஆட்குறைப்பே கிடையாது' என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். அடுத்த காலாண்டில் இன்னொன்று வந்தால், அதோடு அந்த மேலாளரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு முடிந்தது. 'செப்டம்பர் வரைக்கும் எங்கள் திட்டத்தில் வேறு குறைப்பு இல்லை, அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்த அன்றைக்குச் சொல்கிறேன்' என்பது சின்ன வாக்கு. ஆனால் சரிபார்க்கக்கூடிய வாக்கு. நம்பிக்கை இப்படிப்பட்ட சில்லறைக் காசுகளில்தான் சேர்கிறது.

3. ஆளைக் குறைத்தால் வேலையையும் குறையுங்கள். இது அதிகம் மறக்கப்படுவது. எட்டுப் பேர் செய்ததை ஐந்து பேர் செய்யச் சொன்னால், மூன்று பேருடைய சம்பளத்தை மிச்சம் பிடித்ததாகக் கணக்கு காட்டலாம். உண்மையில் அந்த ஐந்து பேரிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்ட கடன் அது. எந்த அறிக்கையை நிறுத்தலாம், எந்த வாராந்திரக் கூட்டத்தைக் கைவிடலாம், எந்த வாடிக்கையாளரிடம் தேதியைத் தள்ளிக் கேட்கலாம் என்று குழுவோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். 'இதை இனி செய்ய வேண்டாம்' என்று மேலாளர் வாயால் சொல்லும் ஒரு வாக்கியம், பத்து உற்சாகப் பேச்சுகளுக்கு மேல்.

4. போனவர்களின் பெயரைச் சொல்லுங்கள். பல அலுவலகங்களில் மறுநாளே அந்தப் பெயர்கள் தீட்டுப்பட்டவை போல ஆகிவிடுகின்றன. மின்னஞ்சல் பட்டியலில் இல்லை, பேச்சிலும் இல்லை. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைத்தபோது, பலருக்குத் தங்கள் கணக்கு திறக்கவில்லை என்பதிலிருந்தே செய்தி தெரிந்தது. விடைபெற ஒரு நாள்கூட இல்லாத பிரிவு, இருப்பவர்களுக்கு ஒரு சாவை நினைவூட்டும். 'இந்தப் பகுதியை எழுதியவர் அவர்தான், நன்றாக எழுதியிருக்கிறார்' என்று கூட்டத்தில் சாதாரணமாகச் சொல்லலாம். அவருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். சட்டத்துறை தடுக்காத வரை அது மேலாளரின் உரிமை.

5. நேரம் பார்த்துக் கொண்டாடுங்கள். ஆட்குறைப்பு முடிந்த மறுமாதம் உற்சாகம் ஊட்டுகிறோம் என்று பீட்ஸா விருந்தும், கம்பெனிப் பெயர் போட்ட பனியனும் வரும். அந்தப் பணத்தில் எத்தனை நாள் ஒருவருடைய சம்பளம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் எல்லா மேசையிலும் உண்டு. அதே நேரத்தில் மேலதிகாரிகளுக்குப் போனஸ் அறிவிப்பு வந்தால் கேட்கவே வேண்டாம். போஹுமில் லாபக் கணக்கு செய்த வேலையை இங்கே அது செய்யும். துன்பத்தை மேலேயும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் கீழே பொறுத்துக்கொள்வார்கள்.

6. ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். முதல் வாரத்தில் எல்லோரும் 'பரவாயில்லை' என்பார்கள். அது அதிர்ச்சியின் பேச்சு. களைப்பும் கசப்பும் தெரிய மாதங்கள் ஆகும். அப்போது நிர்வாகம் விஷயத்தை மறந்துபோயிருக்கும்.

மௌனம் சம்மதமா?

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிக் கோணம் உண்டு. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால், அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வேறு வேலையோ வேறு வழியோ தேட வேண்டும். இந்தச் சலுகைக் காலமே 2017 ஜனவரியில் வந்த விதியால் கிடைத்ததுதான். வேலை தப்பியவருக்கும் நிம்மதி இல்லை. ஒரு நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால், அதே வகை வேலைக்கு, அதே வட்டாரத்தில் ஆறு மாதத்துக்குள் யாருக்காவது கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்று விண்ணப்பிக்கும்போது, நீக்கிய உள்நாட்டு ஊழியர்களுக்குத் தெரிவித்து அவர்களைப் பரிசீலித்ததாகக் காட்ட வேண்டும். அதனால் பல நிறுவனங்கள் அந்த விண்ணப்பங்களையே நிறுத்திவைக்கின்றன. பட்டியலில் பெயர் வராதவருடைய வாழ்க்கையும் அப்படியே நின்றுவிடுகிறது. வீடு வாங்கலாமா, குழந்தையைப் பள்ளி மாற்றலாமா, ஊரில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, போய் வர முடியுமா என்று எல்லாமே.

இப்படிப்பட்டவர் அலுவலகத்தில் எப்படி இருப்பார்? வாயே திறக்கமாட்டார். கூடுதல் வேலையை மறுக்கமாட்டார். கருத்துக்கணிப்பில் எல்லாக் கேள்விக்கும் 'திருப்தி' என்று குறித்துவிட்டுப் போவார், பெயர் தெரியாது என்று சொன்னாலும் நம்பமாட்டார். விலகல் விகிதம் குறைந்திருக்கும். நிர்வாகம் அதைப் பார்த்து 'நம்பிக்கை திரும்பிவிட்டது' என்று எழுதிக்கொள்ளும். கதவு பூட்டியிருப்பதால் ஒருவன் வீட்டுக்குள் இருப்பதும், வீடு பிடித்துப்போய் இருப்பதும் கணக்கில் ஒன்றாகத்தான் தெரியும். பூட்டு திறந்த நாளில்தான் வித்தியாசம் தெரியும். கிரீன் கார்டு கையில் வந்த சில வாரத்தில் ஒருவர் விலகுவதைப் பார்த்து, 'இவ்வளவு செய்தோமே' என்று அங்கலாய்க்கும் மேலாளருக்கு, அவர் எப்போது விலகினார் என்பதே தெரியாது. அவர் இரண்டு வருஷம் முன்பே விலகிவிட்டார்.

ஆகவே, விசாவில் இருப்பவர்கள் உள்ள குழுவை நடத்துகிறவர் முதலில் சொல்ல வேண்டியது, அவர்களுடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, எதுவரை நிற்கும் என்பதைத்தான். கெட்ட செய்தியானாலும் சரி. தேதி தெரிந்த கெட்ட செய்தியோடு குடும்பம் நடத்த முடியும். தேதி தெரியாத மௌனத்தோடு முடியாது.

பழைய நம்பிக்கை திரும்புமா?

ஆட்குறைப்பைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே மேல் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. கிளீவ்லாந்தின் லிங்கன் எலெக்ட்ரிக் என்ற வெல்டிங் கருவி நிறுவனம், மந்தக் காலங்களில் வேலை நேரத்தைக் குறைத்தும், ஆட்களை வேறு வேலைக்கு மாற்றியும் சமாளித்தது. 1980-களின் தொடக்கத்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்களையே பயிற்சி கொடுத்து விற்பனைக்கு அனுப்பியது. 2008-09 மந்தத்தில் ஹனிவெல் ஆட்குறைப்பைப் பெரிதாக்காமல், எல்லோரையும் சில வாரம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிப் பார்த்தது. எல்லோரும் கொஞ்சம் நொந்தார்கள். தேவை திரும்பியபோது ஆட்கள் இருந்தார்கள்.

எல்லா நிறுவனத்துக்கும் அது முடியாது. முடியாதபோது என்ன எதிர்பார்க்கலாம்? ஆட்குறைப்புக்கு முன்பிருந்த நம்பிக்கை அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 'ஒழுங்காக உழைத்தால் கைவிடமாட்டார்கள்' என்ற பழைய ஒப்பந்தம் கிழிந்தது கிழிந்ததுதான். அதை ஒட்டவைக்க முயல்கிறவர் இன்னொரு பொய்யைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதனிடத்தில் வேறொன்று வரலாம். 'எப்போதும் வைத்திருப்போம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்ததைத் தெரிந்தபோதே சொல்வோம்; போக நேர்ந்தால் மரியாதையோடு, கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவோம்; இருக்கும் வரை உங்கள் முதுகில் மற்றவர் சுமையைச் சத்தமில்லாமல் ஏற்றமாட்டோம்.' பழையதைவிடச் சின்ன ஒப்பந்தம். ஆனால் இதைக் காப்பாற்ற முடியும், காப்பாற்றினார்களா என்று சரிபார்க்கவும் முடியும்.

2011-க்குப் பிறகு வேலை போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே மாதக்கணக்கில் வந்து, குறையில்லாமல் வேலை செய்துவிட்டுப் போன நோக்கியா ஊழியர்கள் அந்தச் சின்ன ஒப்பந்தத்தைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். கம்பெனி தங்களைக் காப்பாற்றும் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. கம்பெனி சொன்னதைச் செய்யும் என்று நினைத்தார்கள். அது செய்தது.